கடைசிப் பக்கத்துக்கு முந்திய சனிக்கிழமை

உங்கள் காவல் நிலையத்தில் காத்திருப்பவர்களுக்குப் போட்டிருக்கும் நாற்காலிகளை மாற்றச் சொல்லுங்கள், ஐயா. முதுகைச் சாய்க்க விடாத நாற்காலிகள் அவை. கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளத் தோன்றும். எனக்கு இந்த விஷயம் தெரியும். இந்த ஊர்ப் பல் மருத்துவரிடம் முன் மேசையில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவள் நான். பல்லைப் பிடுங்கும்போது யாரும் பெரிதாக அலறியதில்லை. உள்ளே இன்னொருவர் வாயில் இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார்களே, அப்போதுதான் முகம் வெளுக்கும். "இன்னும் கொஞ்ச நேரம்தாங்க" என்று மெதுவாகச் சொல்வேன். இன்னும் வெளுக்கும். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

கமேகுராவைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன். வரிசையாகச் சொன்னால்தான் நான் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்பது உங்களுக்குப் புரியும்.

என் கணவருக்குப் பொறுமை கிடையாது. தொலைக்காட்சியில் துப்பறியும் நாடகம் தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருக்காது, "மச்சினன்தான் கொன்னவன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இத்தனை வருட வாழ்க்கையில் ஒரு கதையைக்கூட நான் ஒழுங்காக முடிவு தெரியாமல் பார்த்ததில்லை. அவர் மாடிப்படியில் சறுக்கி விழுந்து இறந்தது பழைய சங்கதி. அதை உங்களுக்கு முன்னால் இருந்த அதிகாரி விசாரித்துவிட்டார்.

அதற்குப் பிறகுதான் ஊர்ப் பொதுமன்றத்தில் சனிக்கிழமை பிற்பகல் நடக்கும் வாசிப்பு வகுப்பில் சேர்ந்தேன். நடத்துகிறவர் மினோபே வாத்தியார். உயர்நிலைப் பள்ளியில் மொழிப்பாடம் எடுத்து ஓய்வுபெற்றவர். பனிக்காலம் முழுவதற்கும் அவர் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கதை, பழைய பேய்க்கதை. வாரத்துக்கு ஒரு பக்கம்தான். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து வந்து கையில் கொடுப்பார்.

"மீதியத் தேடிப் போயிப் படிக்காதீங்க" என்றார் முதல் நாள். "பேயப் பத்தித் தெரிஞ்சுக்க நாம இங்க வரல. எழுதினவன் நம்ம கழுத்துல எப்படிக் கை வெக்கறான்னு பாக்க வந்திருக்கோம். மெதுவாப் பாத்தாத்தான் கை தெரியும்."

கதை இதுதான். ஒரு மருந்து வியாபாரி, பனிக்காலத்தில் மலையடிவாரத்து வீடு ஒன்றில் தங்குகிறான். பட்டுப்புழு வளர்க்கும் வீடு. வீட்டுக்காரி சூடாகச் சோறு போடுகிறாள். பரணிலிருந்து புழுக்கள் இலை தின்னும் சத்தம் வருகிறது, மெல்லிய மழைபோல. கேட்க இதமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறான். கவளம் வாய்க்கருகே போகும்போது அவனுக்கு உறைக்கிறது. இது பனிக்காலம். மரத்தில் ஓர் இலை கிடையாது. புழுவும் கிடையாது. முதல் பக்கம் அங்கே முடிந்துவிட்டது.

நான் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

"பேய்னு ஒரு வார்த்த வந்துச்சா?" என்று கேட்டார் வாத்தியார். "வரல. எழுதினவன் சோறு குடுத்தான், கணப்பு குடுத்தான், ஒரு சத்தம் குடுத்தான். எல்லாம் நல்லது. அதுல ஒண்ணு மட்டும் இருக்கக் கூடாத நேரத்துல இருக்கு. அவ்வளவுதாங்க வேல."

அடுத்தடுத்த வாரங்களில் வீட்டுக்காரி இன்னொரு கிண்ணத்தில் சோறு எடுத்துவைக்கிறாள், யாருக்கென்று சொல்லவில்லை. வியாபாரி பரணுக்கு ஏறும் ஏணியைப் பார்க்கிறான். அவன் கையில் இருக்கும் விளக்கு எவ்வளவு தூரம் எட்டுகிறதோ அவ்வளவுதான் நமக்கும் உலகம், அவனுக்குத் தெரியாத ஒன்றையும் எழுத்தாளர் நம்மிடம் ரகசியமாகச் சொல்வதில்லை என்று வாத்தியார் விளக்கினார். பிறகு ஏணி. ஒரு படிக்கு ஒரு பக்கம். கால் அடுத்த படியைத் தொடப்போகும் நேரத்தில், வியாபாரியின் வைக்கோல் செருப்பில் ஒரு நார் அறுந்திருப்பதைப் பற்றி எழுத்தாளர் பத்து வரி எழுதுகிறார். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. அப்படிப்பட்ட இனிமையான ஆத்திரத்தை நான் அதுவரை அறிந்ததில்லை.

பாத்திரம் தேய்க்கும்போதும் பரணில் என்ன இருக்கும் என்று யோசிப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் போனது. பாவாடை இடுப்பில் நிற்காமல் போனது. நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன்.

இந்த வகுப்பில்தான் கமேகுராவும் இருந்தார். மலைப்பாதைப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர். அடுத்த நிறுத்தம் வருவதற்கு முன்பே அதன் பெயரை ஒலிவாங்கியில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். முதல் நாளே காகிதத்தைப் பார்த்ததும் தொடையில் தட்டிக்கொண்டு, "அட, இந்தக் கதையா! பரண் மேல இருக்கறது..." என்று ஆரம்பித்தார். நல்லவேளையாக நான் பக்கத்தில் இருந்தேன். தட்டிலிருந்த மோச்சி அரிசி உருண்டை ஒன்றை எடுத்து அவர் வாயில் வைத்துவிட்டேன். பிசுபிசுப்பான மோச்சி வாயில் இருக்கும்போது யாராலும் கதை சொல்ல முடியாது.

அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் மோச்சி செய்துகொண்டு போவேன். அவர் வாய் கதையின் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒன்று கொடுப்பேன். வகுப்பில் இதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள். ஓரிகாசா அம்மா, கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறவர், எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னார்: "என்ன ஹிசாயே அக்கா, ஊட்டி விடறது மட்டும்தானா, இல்ல எங்களுக்கும் எலை போடுவீங்களா?" கமேகுரா காது வரை சிவந்துவிட்டார். மறுவாரம் புதிய கழுத்துத்துணி கட்டிக்கொண்டு வந்தார். மற்றவர்களின் கதையைக் காப்பாற்றத்தான் இப்படிச் செய்கிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நல்ல காரியத்தைச் சொல்லிக்காட்டக் கூடாது.

ஒருமுறை மோச்சி தொண்டையில் சிக்கி அவர் முகம் நீலமாகிவிட்டது. ஓரிகாசா அம்மா முதுகில் ஓங்கி ஓங்கிக் குத்தி அதை வெளியே வரவழைத்தார். கத்தரிக்கோல் பிடிக்கும் கைக்கு அவ்வளவு பலம். எனக்கு ஓரிகாசா அம்மாவிடம் கோபம் எதுவும் இல்லை.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கம் அன்றைக்கு. வியாபாரியின் தலை பரண் வாசலுக்கு வந்திருக்கிறது. நான் கணப்பைப் பற்றவைக்கவும் தேநீர் போடவும் சீக்கிரமே போய்விட்டேன். கமேகுராவும் வந்தார். பனியில் நனைந்த கோட்டைக் கணப்புக்கருகே ஆணியில் மாட்டினார். என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"ஹிசாயே அம்மா, கண்ணாடில மூஞ்சியப் பாத்தீங்களா? பேய் பரண்ல இல்ல. இங்க தேநீர் போட்டுக்கிட்டு இருக்கு."

"உக்காருங்க. மோச்சி இருக்கு" என்றேன்.

"மோச்சி வேணாம்மா. வெளையாட்டு போதும். எத்தன நாளாத் தூங்கல நீங்க? அடுத்த வாரம் வரைக்கும் நீங்க தாங்க மாட்டீங்க. நானே சொல்லிடறேன். ஒரே வரி. கேட்டுட்டு வீட்டுக்குப் போயி நிம்மதியாத் தூங்குங்க."

"மத்தவங்களுக்குக் கதை கெட்டுப் போயிடுமே."

"மத்தவங்களுக்கா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். ஏன் சிரித்தார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. "இருங்க, பின்னாடி போயி நாற்காலி கொண்டுட்டு வந்து சொல்றேன். உக்காந்து கேளுங்க. கேட்டுட்டு விழுந்து வெக்கப் போறீங்க."

மன்றத்துக்குப் பின்னால் சிமெண்டுச் சுவர் வைத்த அறை ஒன்று இருக்கிறது. மடக்கு நாற்காலிகள், திருவிழா முரசு, காலி மண்ணெண்ணெய் டப்பாக்கள் கிடக்கும். கணப்பு கிடையாது, உள்ளே பேசினால் சுவர் தாண்டிக் கேட்காது. காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க வெளிப்பக்கம் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. அவர் உள்ளே போனார். நான் கொக்கியைப் போட்டேன். வகுப்பு முடியும் வரைக்கும்தான். கதை கேட்டுக்கொண்டிருக்கும்போது இருமுகிறவர்களை வெளியே அனுப்புவதில்லையா, அதுபோல.

அவருடைய கோட்டை எடுத்து என் மேலங்கிக்கு அடியில் மாட்டினேன். பையில் ஏதோ டப்பா கிலுகிலுத்தது. மிட்டாய் என்று நினைத்தேன்.

எல்லோரும் வந்தார்கள். "கமேகுரா ஐயாவக் காணோமே?" என்றார் வாத்தியார். காய்ச்சல் என்று வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னேன். வாத்தியார் படிக்கத் தொடங்கினார். அவருக்கு நல்ல குரல். வியாபாரி விளக்கை முன்னால் நீட்டுகிறான். இலை தின்னும் சத்தம் நின்றுவிடுகிறது. இதுவரை சத்தத்தைக் கண்டு பயந்தவன், இப்போது அது நின்றதற்குப் பயப்படுகிறான். நாங்கள் யாரும் மூச்சுவிடவில்லை.

அப்போது பின்சுவரிலிருந்து தட்டும் சத்தம் வந்தது.

ஓரிகாசா அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ வாத்தியாரே, இதெல்லாம் சொல்லிட்டுச் செய்யக் கூடாதா? எனக்கு உசிரே போயிடுச்சு."

"நான் ஒண்ணும் ஏற்பாடு பண்ணலையே" என்றார் வாத்தியார்.

மறுபடியும் தட்டல். ஓரிகாசா அம்மாவின் முகம் மலர்ந்தது. "காய்ச்சலாம் காய்ச்சல்! மனுஷன் பின்னாடி நின்னுக்கிட்டுத் தட்டறாரு. ரெண்டு பேரும் கூட்டா? கள்ளி நீங்க அக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுத்தால் கதைக்கு இடைஞ்சல்.

வாத்தியார் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு விரலை உயர்த்தினார். ஒரு நல்ல எடுத்துக்காட்டு தானாக வந்து சேர்ந்தால் ஆசிரியர்களுக்கு வருமே, அந்தச் சந்தோஷம் அவர் முகத்தில் இருந்தது. "கேளுங்க. மொதல்ல பரபரன்னு தட்டினாரு. யாருக்கும் பயம் வரல, சிரிச்சோம். இப்ப விட்டு விட்டுத் தட்டறாரு. அடுத்தது எப்ப வரும்னு காது ஏங்குது இல்ல? பயம் சத்தத்துல இல்லீங்க. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவுல இருக்கு. பேருந்து ஓட்டினவரு இதைத் தானாவே புரிஞ்சுக்கிட்டாரு பாருங்க."

நாங்கள் கேட்டோம். தட்டல். நீண்ட இடைவெளி. தட்டல். அதைவிட நீண்ட இடைவெளி. எங்களில் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார். கடைசியாக வந்தது தட்டல் மாதிரி இல்லை, நகத்தால் கீறியதுபோல இருந்தது. அந்த நுணுக்கத்துக்காக எல்லோரும் கைதட்டினோம். அவருக்கும் கேட்கட்டும் என்று பலமாகவே தட்டினோம்.

வாத்தியார் பக்கத்தைப் படித்து முடித்தார். வியாபாரி விளக்கைத் தூக்கிப் பார்க்கிறான். 'அங்கே' என்று ஒரு சொல். அதோடு பக்கம் முடிந்தது.

கலைந்து போகும்போது ஓரிகாசா அம்மா பின்சுவரைத் தட்டி, "போதும் வாங்க ஐயா, வெறைச்சுப் போயிடுவீங்க" என்று கத்தினார். நான் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன். அவர் கண்ணடித்துவிட்டுப் போனார்.

பிறகு நான் கதவருகே போனேன். உள்ளிருந்து கமேகுரா ஏதோ பேசினார். முடிவைச் சொல்லிவிடுவாரோ என்று பயந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். அதனால் அவர் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலையில் நானே வந்து கொக்கியை எடுத்தேன். நானே உங்களுக்குத் தொலைபேசி செய்தேன். உயிர் போனதற்குக் காரணம் குளிரும் நெஞ்சுவலியும் என்று உங்கள் மருத்துவர் சொன்னார்.

நேற்று வரை உங்களிடம் நான் சொன்னது இவ்வளவுதான். மற்றவர்கள் நல்லபடியாகக் கதையைக் கேட்டு முடிக்க வேண்டும் என்பதற்காகச் செய்தேன் என்றும் சொன்னேன். அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

நேற்று மாலை ஓரிகாசா அம்மாவை உள்ளே விட்டீர்கள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அந்தச் சுவரைத் தட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். "அழாதீங்க. உங்க எல்லாருக்கும் முடிவு கெடாம இருக்கே, அத நெனச்சுக்கோங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த முடிவு?"

"பரண்ல என்ன இருந்துச்சுங்கறது."

"அது தெரியுமே அக்கா. அந்தக் கதை நம்ம பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்துல வந்ததாச்சே. கமேகுரா ஐயாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அங்க வந்த எல்லாருக்கும் தெரியும். இந்த ஊர்ல அது தெரியாதவங்க யாரு இருக்கா?"

அந்த வருடம் நான் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன். பரீட்சைகூட எழுதவில்லை.

"அப்ப எதுக்கு நடுங்கினீங்க? என் கையப் புடிச்சீங்களே" என்று கேட்டேன்.

"தெரிஞ்சுதான் நடுங்கினேன். இன்னும் மேல ஏறறானே, ஏறாதடா, எறங்கிடுடான்னு மனசு அடிச்சுக்குது இல்ல? முடிவு தெரிஞ்சாலும் பயம் வரும்னு வாத்தியாரு மொத நாளே சொன்னாரே. நீங்க தேநீர் ஊத்திக்கிட்டு இருந்தீங்க." பிறகு மறுபடியும் அழுதார். "அவரு உங்களப் பாத்துப் பரிதாபப்பட்டாரு அக்கா. அந்தம்மாவுக்கு மட்டும் தெரியாது போல, சாப்பிடாமக் கெடக்கறாங்க, நான் சொல்லிடப் போறேன்னு எங்கிட்ட வந்து சொன்னாரு. சொல்லுங்கன்னு நான்தான் சொன்னேன்."

இரவு முழுவதும் இதை யோசித்துப் பார்த்தேன். நான் காப்பாற்றியதாக நினைத்தவர்கள் ஒருவருக்கும் காப்பாற்ற எதுவும் இருக்கவில்லை. ஆகவே நேற்று சொன்னதைத் திருத்த வேண்டும். உங்களை அலைக்கழிப்பதற்கு மன்னியுங்கள்.

டப்பாவில் இருந்தது மிட்டாய் என்று நான் நினைக்கவில்லை. மருத்துவரிடம் வேலை பார்த்தவளுக்கு மாத்திரையின் சத்தம் தெரியாதா.

காதையும் நான் பொத்திக்கொள்ளவில்லை. கதவில் வைத்திருந்தேன். மரம் சில்லென்று இருந்தது. அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"ஹிசாயே அம்மா, நீங்கதானே? தெறங்கம்மா. நெஞ்ச அடைக்குது. கோட்டுப் பையில மாத்திர இருக்கு."

"முடிவச் சொல்லுங்க. தெறக்கறேன்" என்றேன்.

உள்ளே சிரித்தார் என்று நினைக்கிறேன். "அவ்வளவுதானே? சொல்றேன். மேல ஏறினானா... வெளக்கத் தூக்கினானா... அங்க..."

"அங்க?"

"அங்க... தெறங்கம்மா. தெறந்துட்டாச் சொல்றேன்."

என் விரல் கொக்கியில்தான் இருந்தது, ஐயா. தூக்கினால் போதும். வெளியே வந்திருப்பார், மாத்திரையை விழுங்கியிருப்பார், கணப்புக்கருகே உட்கார்ந்து அந்த ஒரே வரியைச் சொல்லியிருப்பார். கோபித்துக்கொண்டிருக்கக்கூட மாட்டார், அவர் அப்படிப்பட்ட மனிதர். பிறகு நான் வீட்டுக்குப் போய்ச் சோறு வைத்துச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பேன். மறுநாள் காலையில் எழுந்திருப்பேன். எதற்காக எழுந்திருப்பேன் என்று யோசித்தேன்.

"அங்க..." என்றார் இன்னொரு முறை. குரல் தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

நான் கதவில் சாய்ந்தபடி நின்றேன். வெளிச்சம் போனது. கூரையிலிருந்து பனி சரிந்து விழுந்தது. கால் மரத்துப்போனது தெரியவில்லை. அத்தனை வருடம் எத்தனையோ பேரைக் காக்கவைத்திருக்கிறேன். அவ்வளவு நன்றாக நானே காத்திருந்தது அன்றைக்குத்தான். எப்போது வீட்டுக்குப் போனேன் என்று எனக்கு நினைவில்லை.

பரணில் என்ன இருந்தது என்று உங்களுக்கும் தெரியும். உங்கள் முகத்திலேயே தெரிகிறது. சொல்ல வேண்டாம்.

கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொக்கியைப் போட்டதும் நான்தான், கேட்டுக்கொண்டே எடுக்காமல் இருந்ததும் நான்தான். ஆனால் கமேகுரா முடிந்துவிட்டார் என்று ஆளாளுக்குச் சொல்கிறீர்களே, அதுதான் எனக்குப் பொருந்தவில்லை. எனக்குத் தெரிந்தவரை அவர் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான்.